திருகோணமலையில வீடு வாடகைக்குக் குடுக்கிறவை, குடுக்க முதல் இதை வாசியுங்கோ

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. நேற்றுக் காலமை பாலையூற்றில இருக்கிற எங்கட பின்வீட்டுக் கதவு ஆவெண்டு திறந்து கிடந்தது. குடியிருந்தவை இரவோட இரவா சாமானை ஏத்திக்கொண்டு போயிட்டினம். மிஞ்சினது உடைஞ்ச பிளாஸ்டிக் கதிரை ஒண்டும், மின்சார சபையின்ட சிவப்பு நோட்டீசும். எனக்குப் போனது 206,000 ரூபா.

நான் மாளிகை கட்டி வாடகைக்கு விடுற ஆள் இல்லை. பென்சன் எடுக்கேக்குள்ள வந்த காசில 2012ல கட்டின ரெண்டு அறை வீடு அது. மாசம் 30,000. அதில பாதி மருந்துக்கே போயிடும்.

ஆளைப் பிடிச்சுத் தந்தது டவுனுக்குள்ள வீடு, காணி பாத்துக் குடுக்கிற ஒரு புறோக்கர். பெயர் எழுத மாட்டன். நல்ல மரியாதையான பொடியன், வாசல்ல செருப்பைக் கழட்டி வச்சிட்டுத்தான் உள்ளுக்கு வருவார். எனக்கு அந்தச் செருப்பிலயே நம்பிக்கை வந்திட்டுது. ஒரு வருச வாடகைக்கு, உறுதி எழுதுற நொத்தாரிசிட்டப் போய் எழுதுவமோ எண்டு நான்தான் முதல்ல கேட்டன். அதுக்கு அவர் சொன்னார்: “ஐயோ ரீச்சர், பதிஞ்சால் வாடகைச் சட்டம் வந்து பிடிக்கும். பிறகு சாகும்வரைக்கும் அவையை எழுப்பேலாது. நான் முத்திரை ஒட்டி எழுதித் தாறன், அது காணும்.” எங்கட அப்பா காலத்தில அப்பிடி வீட்டைப் பறிகுடுத்த கதையள் கேட்டிருக்கிறன். பயந்திட்டன். அந்தக் கடுதாசிக்கு 8,000, தரகு 30,000. தேத்தண்ணியும் போட்டுக் குடுத்தன்.

நாலு மாசம் வாடகை ஒழுங்கா வந்தது. பிறகு ஏழு மாசம் ஒரு சதமும் இல்லை. புறோக்கருக்கு எடுத்தால் முதல்ல “கதைக்கிறன் ரீச்சர்”, பிறகு “நான் கிண்ணியாவில நிக்கிறன், பின்னேரம் வாறன்”, பிறகு “அது உங்களுக்கும் அவைக்கும் உள்ள பிரச்சினைதானே”. கடைசியா என்ட நம்பரையே புளொக் பண்ணிட்டார். பொலிசுக்குப் போனன். இது சிவில் விசயம், கோட்டுக்குப் போங்கோ, பூட்டை கீட்டை உடைச்சால் வழக்கு உங்களுக்குத்தான் எண்டு அனுப்பிவிட்டினம்.

அதுக்குப் பிறகுதான் ஒரு லோயரிட்டப் போனன். கடுதாசியைப் பாத்திட்டு அவ சிரிக்கேல்லை, அதுக்கே நன்றி சொல்லவேணும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்காம், மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டால் நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் இருந்தால்தான் செல்லும். 8,000 குடுத்து வாங்கின கடுதாசியில இருந்த “ஒரு வருடம்” வெறும் மை. சட்டத்தின்ட கண்ணுக்கு அவை மாச வாடகைக்காரர்தான். நான் பயந்த 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, 1980க்குப் பிறகு கட்டத் துவங்கின குடியிருப்பு வீடுகளை விலக்கி வச்சிருக்காம். அதைவிடக் கொடுமை, 2023ல வந்த 1ஆம் இலக்கச் சட்டம். நொத்தாரிஸ் முன்னால எழுதின குத்தகை கையில இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில சுருக்க முறையில, அதாவது வழக்கை இழுக்காமல், வீட்டைத் திருப்பிக் கேக்கலாம். எது என்னைக் காப்பாத்தியிருக்குமோ, அதைக் காட்டித்தான் என்னைப் பயப்பிடுத்தியிருக்கிறார்!

பூட்டை உடைக்காதது நல்லதெண்டும் லோயர் சொன்னா. 1979ஆம் ஆண்டு சட்டப்படி, பலவந்தமா வெளியேத்தி ரெண்டு மாசத்துக்குள்ள விசயம் நீதிமன்றத்துக்குப் போனால், வெளியேத்தப்பட்டவையைத் திருப்பி உள்ளுக்கு விடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போடலாமாம்.

கணக்கைப் பாருங்கோ. ஏழு மாச வாடகை 210,000. முற்பணம் 90,000 கழிச்சால் 120,000. கரண்ட் பில் 41,300, தண்ணி 6,700, ரெண்டும் என்ட பெயரில. தரகு, கடுதாசிக் காசு 38,000. மொத்தம் 206,000. சாப்பிட உக்காந்தாலும் இந்த இலக்கம்தான் கண்ணுக்கு முன்னால வருது. வழக்குப் போடலாம்தான். ஆனால் ஆக்கள் எங்கயெண்டே தெரியாது. அடையாள அட்டைக் கொப்பியில இருக்கிற விலாசத்துக்கு லோயர் முந்தியே அனுப்பின கடிதமும் திரும்பி வந்திட்டுது.

என்ன செய்யவேணும் எண்டு விளக்கமா எழுதத்தான் இருந்தனான், இப்ப மனம் ஓடேல்லை. நொத்தாரிசிட்டப் போங்கோ. செலவைப் பாக்காதேங்கோ. புறோக்கர் சொல்லுற சட்டத்தை நம்பாதேங்கோ. மீட்டரை மாசாமாசம் நீங்களே போய்ப் பாருங்கோ. ரெண்டாவது மாசம் வாடகை பிந்தினால் உடன லோயர் கடிதம் அனுப்புங்கோ, என்னைப்போல பாவம் பாத்து ஏழு மாசம் இருக்காதேங்கோ.

இண்டைக்குக் காலமை மகள் போனைக் காட்டினா. அதே புறோக்கர், உவர்மலையில ஒரு வீடு எண்டு விளம்பரம் போட்டிருக்கிறார். கீழ் வரியில “நொத்தாரிஸ் செலவு இல்லை”.