விண்டோஸ் 10-க்கு "ஆயுட்கால அப்டேட் கீ" என்று 89 டாலர் பிடுங்குகிறார்கள், உஷார்!

இல்லாத ஒரு சரக்கை 89 டாலருக்கு என் சித்தப்பா தலையில் கட்டியிருக்கிறார்கள். மென்பொருள் கீ, அதாவது மென்பொருளைத் திறக்கும் ரகசியக் குறியீடு, மட்டும் விற்கும் ஆன்லைன் கடை அது. பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த வாரமே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். ஏமாற்றும் முறை மாறாது என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான இலவச செக்யூரிட்டி அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் பிராசஸர் பழையது, டிபிஎம் 2.0 என்ற செக்யூரிட்டி சிப் கிடையாது, விண்டோஸ் 11 ஏறாது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் இவர்களுக்கு இரை. "நீட்டிப்பு கீ, ஒரே கட்டணம், ஆயுளுக்கும் அப்டேட்" என்று விளம்பரம். நீட்டிப்பு என்றால், இலவசக் காலம் முடிந்த பிறகும் செக்யூரிட்டி அப்டேட் தொடர்ந்து வருவது.

பணம் கட்டியதும் 25 எழுத்து கீ ஒன்று மெயிலில் வந்திருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் போட்டால் ஏற்கவில்லை. கேட்டதற்கு, "இது சகஜம்தான், எங்கள் டெக்னீஷியன் ரிமோட்டில் வந்து போட்டுத் தருவார்" என்று பதில். அந்த ஆள் உள்ளே வந்தான், கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்தான், எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர் (slmgr /xpr) என்று அடித்தான். சின்னதாக ஒரு பெட்டி வந்தது: இந்தக் கணினி நிரந்தரமாக ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது. "பாருங்கள் சார், பெர்மனன்ட் என்றே வந்துவிட்டது" என்றான். மைக்ரோசாஃப்டின் பெட்டியே சொல்லும்போது சித்தப்பா எப்படி நம்பாமல் இருப்பார்?

அந்தக் கட்டளைக்கும் நீட்டிப்புக்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, அதற்குக் காலாவதி உண்டா என்பதை மட்டும்தான் அது காட்டும். அசல் விண்டோஸோடு வந்த எந்தக் கணினியிலும், 89 டாலர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அதே வாசகம்தான் வரும். அதாவது அவன் எதையுமே செய்யவில்லை. எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி ஆல் (slmgr /dlv all) என்று கொடுத்து லைசென்ஸ்களின் முழுப் பட்டியலையும் பார்த்தேன். நீட்டிப்பு லைசென்ஸ் என்று ஒரு வரிகூட ஆக்டிவ் ஆகவில்லை.

அடுத்த மாதம் அப்டேட் வராததால் சித்தப்பா கேட்டிருக்கிறார். முதலில் "48 மணி நேரம் பொறுங்கள்". பிறகு "ரீஸ்டார்ட் செய்யுங்கள்". அதற்கும் பிறகு சொன்னதுதான் எனக்கு ரத்தம் கொதித்த இடம். அப்டேட் ஹிஸ்டரியைத் திறக்கச் சொல்லி, கேபி2267602 என்ற வரியைக் காட்டி, "இதோ, இன்றைக்குக்கூட வந்திருக்கிறதே!" என்றிருக்கிறார்கள். அது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் அடையாளக் கோப்பு. நீட்டிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விண்டோஸ் 10-க்கு அது 2028 அக்டோபர் வரை இலவசமாகவே வரும். புதுக் கோப்பை வைரஸா என்று பார்க்க அது உதவுமே தவிர, விண்டோஸுக்குள் இருக்கும் ஓட்டையை அடைக்காது.

உண்மையான அப்டேட் வருகிறதா என்று பார்க்க வின்வெர் (winver) என்று ரன் பெட்டியில் அடித்தால் போதும், விண்டோஸின் பில்ட் எண் தெரியும். இலவசக் காலத்தின் கடைசி அப்டேட்டில் பில்ட் எண் 19045.6456. நீட்டிப்பு உள்ள கணினிகளுக்கு 2025 நவம்பர் 11-ல் வந்த முதல் அப்டேட் கேபி5068781, பில்ட் 19045.6575. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்குப் பின் இந்த எண் ஏற வேண்டும். சித்தப்பா கணினி 6456-லேயே நின்றுகொண்டிருக்கிறது. இதைப் படம் பிடித்து அனுப்பியதும் வந்த பதில்: "கீ திறக்கப்பட்டுவிட்டது, டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தர இயலாது." டிக்கெட்டை "தீர்க்கப்பட்டது" என்று மூடியும் விட்டார்கள். 89 டாலர் போனதுதான் தீர்வாம்!

இன்னும் எரிச்சல் என்னவென்றால், வீட்டுக் கணினிக்கான அசல் நீட்டிப்புக்குக் கீ என்ற ஒன்றே கிடையாது. அந்த நீட்டிப்பை இ.எஸ்.யு. (எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்) என்பார்கள். செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் அங்கேயே "என்ரோல் நவ்" என்று இருக்கும். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ஆக இருக்க வேண்டும், நிலுவை அப்டேட் எல்லாம் போட்டிருக்க வேண்டும், அட்மின் உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால் இலவசம். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் பரிசாகத் தரும் ரிவார்ட்ஸ் புள்ளி 1000, அதுவும் இல்லாவிட்டால் 30 டாலர். அந்த 30 டாலர் ஒரே கணக்கில் 10 கணினி வரை செல்லும். 2026 அக்டோபர் 13 வரைதான் என்று அறிவித்துத்தான் இதைத் தொடங்கினார்கள், ஆயுட்காலம் என்று யாரும் சொல்லவில்லை. நிறுவனங்களுக்குக் கீ உண்டு, ஆனால் அதுவும் வருடக் கணக்கில்தான்: முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு, மொத்தம் மூன்றே வருடம்.

"அப்டேட் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்" என்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே ஏராளமான பொது நிரல் இருக்கிறது. 11-க்கு ஓட்டை அடைத்த கோப்பு வெளிவந்ததும், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அதை அப்படியே அடைக்காத 10-ல் முயல்வார்கள். 2017-ல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது மே 12-ல். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-லேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. ரிமோட்டில் யாரையாவது விட்டிருந்தால் முதல் வேலையாக நெட்டைத் துண்டித்து அந்த ரிமோட் செயலியை நீக்குங்கள். டிஃபெண்டரில் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். சித்தப்பா கணினியில் சி டிரைவ் முழுவதையும் ஸ்கேனிலிருந்து விலக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் அந்தப் பாவி! பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். கார்டில் கட்டியிருந்தால் சாட்டில் மல்லுக்கட்டாமல் வங்கியில் உடனே புகார் கொடுங்கள், அதற்குக் கெடு உண்டு. அந்த 89 டாலருக்காக நாங்களும் புகார் கொடுத்திருக்கிறோம். விண்டோஸ் 7-க்கும் இதே போல நீட்டிப்பு விற்பவர்கள் இருந்தால் கிட்டேயே போகாதீர்கள், அதன் நீட்டிப்பு 2023 ஜனவரி 10-லேயே முடிந்துவிட்டது.