மீன் வண்டியில் 10 ஆம்பியர் ஃபியூஸ்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2018-இல் வாங்கிய டீசல் பிக்கப் வண்டியில், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்வது என் தொழில். ஆறு ஆண்டுகளில் வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என்னை அலைக்கழித்ததெல்லாம் பத்து ரூபாய் பெறாத ஒரு சிவப்பு ஃபியூஸும், மீட்டர் போர்டில் எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்குகளும்தான்.

இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் இந்தக் கோளாறு தொடங்கியது. ஏலக்கூடத்தில் லோடு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்து எட்டயபுரத்தை நெருங்கும்போதுதான் மீட்டர் முழுவதும் செத்துக் கிடப்பதைக் கவனித்தேன். வேகமுள் பூஜ்யத்தில் நின்றது, டீசல் முள்ளும் வெப்ப முள்ளும் அடியில் படுத்திருந்தன, ஆனால் ஹெட்லைட்டும் எஞ்சினும் வழக்கம்போல வேலை செய்தன. சிவப்பு விளக்கு எதுவும் எரியாததால் ஆபத்து ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டு மதுரை வரை ஓட்டிவிட்டேன். உண்மையில் அன்று ஆயில் அழுத்தம் குறைந்திருந்தாலும், ரேடியேட்டர் கொதித்திருந்தாலும் எனக்குச் சொல்ல அந்த வண்டியில் எதுவும் உயிரோடு இல்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியின் மூடியில் "மீட்டர், ரிவர்ஸ் லைட்" என்று ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்களைப் போட்டு, 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தார்கள். புது ஃபியூஸ் செருகியதும் மீட்டர் உயிர்பெற்றது. பதினைந்து நாளில் மறுபடியும் போயிற்று. சாலையோரப் பட்டறை ஒன்றில், 10 தாங்கவில்லை என்று சொல்லி மஞ்சள் நிற 20 ஆம்பியரைச் செருகிவிட்டார்கள். அதுவும் போனபோது, இன்னொரு பட்டறையில் செம்புக் கம்பி இழையைச் சுற்றி வைத்து, இனி எரியவே எரியாது என்று உறுதியும் கொடுத்தார்கள். ஃபியூஸ் எரியவில்லைதான், அடுத்த வாரம் ஏலக்கூடத்தில் நின்றபோது கேபினுக்குள் ஒயர் கருகும் நாற்றம் வந்தது. மீன் நாற்றத்தில் ஊறிய என் மூக்குக்கே அது தனியாகத் தெரிந்ததென்றால் எவ்வளவு புகைந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் பல்பையோ மீட்டரையோ காப்பதற்காக வைக்கப்பட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது காப்பது ஒயரை. 10 ஆம்பியருக்கு ஏற்ற பருமனில் இழுத்த ஒயரில் ஷார்ட் ஏற்பட்டு, அதாவது உறை கிழிந்து செம்பு வண்டியின் இரும்பைத் தொட்டு, பல மடங்கு மின்னோட்டம் பாயும்போது, ஒயர் சூடேறி உறை உருகுவதற்கு முன் ஃபியூஸ் தன்னை அறுத்துக்கொள்ள வேண்டும். அங்கே 20 ஆம்பியரையோ கம்பியையோ வைத்தால், அறுந்துபோகிற வேலையை ஒயர் எடுத்துக்கொள்கிறது. அது தீயில்கூட முடியலாம்.

தூத்துக்குடியில் வண்டி ஒயரிங் வேலை பார்க்கும் மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவர் எதையும் கழற்றுமுன் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, எந்த இடத்துல வச்சுப் போகுது?" யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் துறைமுகத்திலிருந்து கிளம்பிய பிறகே மீட்டர் செத்திருக்கிறது. ஏலக்கூடத்தில்தான் நான் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துகிறேன். ரிவர்ஸ் கியர் விழுந்தால்தான் ரிவர்ஸ் விளக்கின் ஒயருக்கு மின்சாரம் போகும். அந்த ஒயரில் ஷார்ட் இருந்தால், அதே ஃபியூஸில் ஒட்டியிருக்கும் மீட்டரும் சேர்ந்து அணையும்.

பிறகு அவர் செய்ததை இன்றும் நான் பின்பற்றுகிறேன். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை இரண்டு ஒயர்களோடு செருகினார். பின்னாலிருந்த ரிவர்ஸ் பல்புகளையும் கழற்றிவிட்டார். சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியர் போட்டதும், ஷார்ட் இல்லையென்றால் முழு வெளிச்சத்தில் எரியக் காரணமே இல்லாத அந்தச் சோதனைப் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஷார்ட் இருந்தாலும் பல்பு வழியாக இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே பாயும் என்பதால் எதுவும் கருகாது, நிதானமாகத் தேடலாம். என்னைப் பல்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் வண்டிக்கு அடியில் படுத்து, முன்னிருந்து பின்னாக ஒயர்க் கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே போனார். பின் சக்கரத்துக்கு அப்பால் சேஸின் (வண்டியின் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டத்தருகே இழுத்தபோது பல்பு சட்டென்று மங்கியது. "அண்ணாச்சி, மங்கிட்டு!" என்று நான் கத்தினேன்.

அங்கே தகரக் கிளிப் ஒன்று ஒயரின் உறையை அறுத்திருந்தது. மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் ஆண்டுக்கணக்கில் அந்த இடத்தில் சொட்டியதால், வெளியே தெரிந்த செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. களிம்பேறிய பகுதியை வெட்டியெறிந்து புது ஒயர் இணைத்து, ஸ்லீவ் போட்டுக் கட்டி, சட்டத்தின் மேற்புறமாகக் கொண்டு போனார். கம்பி வைத்ததால் கேபினுக்குள் இளகிப்போன இரண்டு ஒயர்களை மாற்றியதுதான் அதிகச் செலவு.

எச்சரிக்கை விளக்குகளைப் படிக்கவும் இதற்குப் பிறகே கற்றுக்கொண்டேன். சாவியைத் திருப்பியதும் ஆயில், பேட்டரி, செக் எஞ்சின் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாத விளக்குதான் எனக்கு இப்போது அதிகக் கவலை தருகிறது. சிவப்பு என்றால் ஓரங்கட்டிவிடுவேன். மஞ்சள் என்றால் லோடு இறக்கிவிட்டுப் பார்ப்பேன்.

பேட்டரி விளக்கு ஒருமுறை இரவில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஓடும் எஞ்சினில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டிய இடத்தில் மல்டிமீட்டர் 12.3 காட்டியது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. பேட்டரியை மாற்றச் சொன்ன கடைக்காரரின் பேச்சைக் கேட்டிருந்தால் பல ஆயிரம் வீணாகியிருக்கும். இன்னொரு முறை அதே விளக்கு பளிச்சென்று எரிந்தபோது பெல்ட்டே அறுந்திருந்தது. என் வண்டியில் அந்தப் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பும் டைனமோவின் முதுகில் இருக்கிறது. ஆகவே பேட்டரிப் படம் போட்ட அந்த விளக்கு எரிந்த சற்று நேரத்தில் பிரேக் மிதி கல்லாக இறுகியது.

செக் எஞ்சின் விளக்குக்கு ஸ்கேன் செய்யாமல் கை வைக்கக் கூடாது. ஒரு பட்டறையில் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டை அழித்து அனுப்பினார்கள், மூன்றாம் நாள் விளக்கு திரும்பி வந்தது. டீசல் சென்சாரை மாற்ற வேண்டுமென்றார்கள். வேறிடத்தில் அந்தக் குறியீட்டைப் படித்துப் பார்த்தால் பிரேக் சுவிட்ச் என்றது. மிதியருகே உள்ள கனெக்டரில் அதே உப்புக் களிம்புதான், துடைத்ததும் சரியாயிற்று.

ஹெட்லைட்டில் நானே செய்த தவறு ஒன்றும் உண்டு. 60 வாட் பல்புகளுக்குப் பதில் 100 வாட் மாட்டினேன். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்க, நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் சாத்தூர்க்காரர் ஒருவரின் லோடோடு என்னை இருட்டில் நிறுத்தியது. மறுநாளே பழைய பல்புகளை மாட்டிவிட்டேன்.

வண்டியை வடிவமைத்தவர்கள் மீது எனக்குள்ள வருத்தம், மீட்டரையும் ரிவர்ஸ் விளக்கையும் ஒரே ஃபியூஸில் கட்டியதுதான். ஓட்டுநரின் கண்ணாக இருப்பதை, தண்ணீரும் சேறும் படும் பின்பக்க ஒயரோடு சேர்த்திருக்கவே கூடாது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் வண்டிக்கு ஓய்வு கிடைக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஓய்வில், ரிவர்ஸ் விளக்குக்குத் தனியாக ஒரு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துப் பிரித்துக்கொண்டேன். கடந்த ஐப்பசி மழையில் அந்தப் பழுப்பு நிற ஃபியூஸ் ஒருமுறை போயிற்று. ஏலக்கூடத்தில் பையன் டார்ச் அடிக்க வண்டியைப் பின்னால் எடுத்தேன். மீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது.