எல்சி3 ஆன்டிபாடி: மைக்ரோஸ்கோப்புக்கு ஓகே, வெஸ்டர்ன் பிளாட்டுக்கு வேணாம்

செல் தனக்குள்ள இருக்குற குப்பையயும் கிருமியயும் மூட்ட கட்டுற சவ்வுல ஒட்டுற புரதம் தான் எல்சி3, அத காட்டுறதுக்கு தான் இந்த ஆன்டிபாடி. ஹீலா செல்லுல (லேப்ல வளக்குற மனுஷ செல்) சால்மோனெல்லா பாக்டீரியாவ விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஃபிக்ஸ் பண்ணி இத போட்டேன், பாக்டீரியாவ சுத்தி பச்சை வளையம் சும்மா பளிச்சுனு வந்துச்சு. எல்லாத்துக்கும் வராது, பயந்துடாதீங்க, பாக்டீரியா இருக்குற பை கிழிஞ்சா தான் உள்பக்க சர்க்கரை வெளிய தெரியும், அத கேலக்டின்-8ங்கற புரதம் புடிச்சுக்கும், அதுல என்டிபி52ங்கற இன்னொரு புரதம் வந்து ஒட்டும், அப்புறம் எல்சி3 உள்ள சவ்வு வந்து ஆள மூட்ட கட்டி லைசோசோமுக்கு அனுப்பிடும். பார்க்கவே செம!

வெஸ்டர்ன் பிளாட்ல (புரதங்கள ஜெல்லுல எடை வாரியா பிரிச்சு ஆன்டிபாடி வச்சு பாக்குறது) தான் சொதப்பல். எல்சி3யோட ரெண்டு வடிவத்துக்கும் 16, 14 கிலோடால்டன்ல ரெண்டு பேண்டு பிரிஞ்சு தெரியணும், எனக்கு ஒரே கறை. பேஃபிலோமைசின் (லைசோசோம் செரிக்கிறத நிறுத்துற மருந்து) போட்டும் அதே கதை. கம்பெனிக்கு மெயில் போட்டா 'ஜெல் பர்சன்டேஜ ஏத்துங்க'ன்னு பதில், நான் ஓட்டுனதே 15 பர்சன்ட்யா. மூணு ஸ்டார். வந்தவுடனே சின்ன சின்னதா பிரிச்சு ஃப்ரீசர்ல போட்டுடுங்க.