செராமிக்கா, சீலன்டா, மெழுகா: செந்தூலில் வெயிலில் நிற்கும் ஒரு காரின் கணக்கு

புதுக் கார் கைக்கு வர ஒரு வாரம் இருக்கும்போது விற்பனைத் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "அண்ணே, செராமிக் கோட்டிங் போட்டுடலாமா? 5 வருஷ வாரன்டி, 1,200 வெள்ளிதான். எடுக்கும்போதே கண்ணாடி மாதிரி இருக்கும்."

எங்களுடையது பெரோடுவா பெசா, சாம்பல் நிறம், 9 வருடக் கடன். அதற்கு மேல் இன்னொரு 1,200 ரிங்கிட் என்றதும் மனைவி பார்த்த பார்வையிலேயே பாதிப் பதில் இருந்தது. இருந்தாலும் விசாரிக்காமல் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த வாரம் கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங், செராஸ் என்று மூன்று கடை ஏறி இறங்கினேன். புக்கிட் ஜாலிலில் இருக்கும் சகலையின் கறுப்பு ஹோண்டா சிட்டியை இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். அவர் கோட்டிங் போட்டு மூன்று வருடம் ஆகிறது.

எந்தக் கடையிலும் யாரும் கேட்காத ஒரு கேள்வி, ராத்திரியில் கார் எங்கே நிற்கும் என்பதுதான். சகலையின் கார் கொண்டோவின் அடித்தளத்தில் நிற்கிறது. எங்கள் பிளாட்டில் எல்லாமே திறந்தவெளி. கிடைக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும், முக்கால்வாசி நாள் கிடைப்பது அங்சானா மரத்தடி. காலையில் போனால் காகம், மைனா இரண்டும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும். பகலில் அலுவலகத்திலும் மொட்டை வெயில். நாலு மணிக்கு இடியோடு ஒரு மழை கொட்டும், அரை மணியில் மறுபடி வெயில் வரும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, கோட்டிங் என்பது என்ன? சின்ன பாட்டிலில் வரும் திரவம். சிலிக்கா வகைப் பிசின், கரைப்பானில் கலந்தது. பெயின்டின் மேல் தடவினால் கரைப்பான் ஆவியாகும், மிச்சம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு மெல்லியது? தொழிற்சாலையில் நிறத்துக்கு மேல் அடித்து அனுப்பும் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கோட்டிங் அதன் மேல் ஒன்றிரண்டு மைக்ரான். இதை வைத்துக்கொண்டு சாவிக் கீறலையும் ஷாப்பிங் டிராலியையும் தடுக்க முடியாது.

"9எச் பாஸ், வைரத்துக்கு அடுத்தது" என்றார் கெப்போங் கடைக்காரர். தவறு. 9எச் என்பது பென்சில் கணக்கு. எஸ்பிஎம் பரீட்சைத் தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க 2பி பென்சில் வாங்கினோமே, அதே குடும்பத்தில் மறுமுனையில் இருக்கும் கெட்டியான பென்சில்தான் 9எச். அதைச் சாய்த்துப் பிடித்து அழுத்தித் தள்ளும்போது படலம் கிழியவில்லை என்றால் சோதனையில் தேறிவிட்டது. வைரத்தைப் பத்தாவது படியில் வைக்கும் கனிமங்களின் அளவுகோல் முற்றிலும் வேறு. கார் மேல் படியும் தூசியில் இருக்கும் மணல் அந்தப் பென்சிலைவிடக் கடினமானது. அழுக்குத் துணியால் துடைத்தால் கோட்டிங் போட்ட காரிலும் சிலந்தி வலை மாதிரி கோடு விழும்.

அப்படியானால் கோட்டிங்கால் பயனே இல்லையா? உண்டு. சகலையின் காரைக் கழுவும்போது கூட நின்று பார்த்தேன். தண்ணீரை அடித்ததும் பாதி அழுக்கு தானாக இறங்கியது. பானெட்டில் காய்ந்திருந்த பறவை எச்சம், ஈரத் துணியை ஒரு நிமிடம் போட்டு எடுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. கறுப்பு நிறத்தில் என் முகம் தெரிந்தது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. கோட்டிங் விற்பது பாதுகாப்பு என்ற பெயரில். உண்மையில் நமக்குக் கிடைப்பது பளபளப்பும் கழுவுகிற சுலபமும்தான்.

ஆனால் அந்த வழுக்கலே எங்கள் மாதிரி காருக்கு வில்லங்கம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடும் என்று வீடியோவில் காட்டுவார்கள். சரிவான கண்ணாடியிலும் கதவிலும் ஓடும், நிஜம்தான். தட்டையான பானெட்டிலும் கூரையிலும் ஓடாது, முத்து முத்தாக நிற்கும். மழை விட்டு வெயில் வந்ததும் ஒவ்வொரு முத்தும் தன்னிடம் இருந்த தூசியையும் உப்பையும் ஒரே இடத்தில் விட்டுவிட்டுக் காயும். விளைவு, வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. உடனே துடைத்தால் போகும். நாலைந்து நாள் வெயிலில் வெந்தால் படலத்துக்குள் இறங்கும். அதை எடுக்க பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் 1,200 வெள்ளிக் கோட்டிங்கும் சேர்ந்து போகும். அடித்தளத்தில் நிறுத்தும் சகலைக்கு இந்தத் தொல்லை மாதத்தில் ஒரு நாள். எனக்கு வாரத்தில் ஐந்து நாள்.

அடுத்தது சீலன்ட், பெயின்ட் மேல் தடவும் செயற்கைப் பாலிமர். அதிலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும், கறையும் விழும். வித்தியாசம், அது விலை குறைந்த படலம். கெட்டுப்போனால் எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவலாம், மனம் வலிக்காது. ஸ்பிரே பாட்டிலில் 60, 70 வெள்ளிக்குக் கிடைக்கிறது. காரைக் கழுவித் துடைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியில் அடித்துத் தடவி, இன்னொரு துணியால் துடைத்தால் ஒரு மணி நேர வேலை. திறந்தவெளியில் நிற்கும் காருக்கு மூன்று மாதம் தாங்கினால் நல்லது, நான்கு மாதம் தாங்கினால் அதிர்ஷ்டம். பளபளப்பில் கோட்டிங்குக்குக் கொஞ்சம் கீழே. சாம்பல் நிறக் காரில் அந்தக் கொஞ்சத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மெழுகைப் பற்றிச் சுருக்கமாக. பிரேசிலில் வளரும் கர்னௌபா பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. அப்பா காலத்து வழி, அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனோடு தன் பழைய புரோட்டோன் சாகா காரைத் தேய்த்துக்கொண்டிருப்பார், தகர டப்பாவிலிருந்து ஒரு வாசனை வரும். அந்த மினுமினுப்புக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் சில வாரங்களில் போய்விடும். மாதா மாதம் அரை நாள் ஒதுக்க முடிகிறவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. எனக்கு முடியாது.

பிபிஎஃப் எனும் பாதுகாப்பு ஃபிலிம் வேறு சாதி. 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள யூரித்தேன் தாள், பெயின்ட் மேல் ஒட்டுவது. சாவியின் லேசான கீறலையும் கல்லடியையும் நிஜமாகவே தாங்குவது இது ஒன்றுதான். நல்ல ஃபிலிமில் விழுந்த சின்னக் கோடு வெயில் சூட்டில் தானாக மறையும். மாதம் இரண்டு முறை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் பினாங்கு போய் வருகிறவர் இதைப் பற்றி யோசிக்கலாம். முழுக் காருக்கும் எனக்குச் சொன்ன விலை 5,000 வெள்ளிக்கு மேல். ஐம்பதாயிரத்தை ஒட்டிய காருக்கு அது மாப்பிள்ளையைவிடத் தோழனுக்கு அலங்காரம். மலிவாகக் கிடைக்கிறது என்று பிவிசி ஃபிலிம் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். சீக்கிரம் மஞ்சளாகி விறைத்துப்போகும், எடுப்பது பெரும்பாடு.

வாரன்டி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். செராஸ் கடையில் வாரன்டி அட்டையை வாங்கி வாசலில் நின்று வாசித்தேன். வருடத்துக்கு ஒரு முறை அவர்களிடமே பராமரிப்புக்கு விட வேண்டும், தடவைக்கு 200 வெள்ளி. ஒரு தடவை தவறினால் வாரன்டி செல்லாது. பறவை எச்சம், மரப்பிசின், தண்ணீர்க் கறை, கீறல் எதற்கும் பொறுப்பில்லை. இந்த நாலையும் கழித்துவிட்டால் செந்தூலில் ஒரு காருக்கு வேறு என்னதான் வரும்? கேட்டேன். "பெயின்ட் மங்கினா நாங்க பார்த்துக்குவோம் பாஸ்" என்றார். 5 வருடத்தில் கழுவித் துடைக்கும் காரின் பெயின்ட் அவ்வளவு லேசில் மங்காது. எதிர் பிளாக்கில் நிற்கும் பழைய மைவியின் கூரையில் கிளியர் கோட் தேமல் மாதிரி உரிந்திருக்கிறது, ஆனால் அந்தக் கார் பதினைந்து வருடத்துக்கும் மேல் வெயில் தின்றது. அதைக் காப்பாற்றியிருக்கக்கூடியது பாட்டில் இல்லை, ஒரு கூரை.

பணத்தை 5 வருடத்துக்கு வைத்துப் பார்த்தேன். கோட்டிங் 1,200, இடையில் நான்கு பராமரிப்பு 800, ஆக 2,000 வெள்ளி. சீலன்ட் என்றால் தொடக்கத்தில் ஒரு லேசான பாலிஷ் 300, அப்புறம் வருடத்துக்கு இரண்டு பாட்டில் 130 வீதம் 650, ஆக 950. வார வாரம் கழுவும் செலவு இரண்டுக்கும் பொது. பழைய கார் வாங்கும் வியாபாரி கோட்டிங்குக்குத் தனியாக ஒரு காசு கூட்டித் தர மாட்டார், அவர் பார்ப்பது மைலேஜையும் மோதிய தடத்தையும்.

அந்த 1,200க்குள் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். நல்ல கடையில் பெரும்பகுதி உழைப்பு. கழுவி, களிமண் கட்டியால் தேய்த்து, இரும்புத் துகள் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பாலிஷ் போட்டு, அதன் பிறகுதான் பாட்டிலைத் திறப்பார்கள். ஒரு முழு நாள், சில கார்களுக்கு இரண்டு நாள். செந்தூல் கடை 500 வெள்ளிக்கு, மூன்று மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னது. மூன்று மணி நேரத்தில் இருக்கிற கோடுகளோடு சேர்த்து மூடி வைக்கத்தான் முடியும்.

நாமே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஆன்லைனில் 80 வெள்ளிக்கு பாட்டில் கிடைக்கிறது. அலுவலக நண்பர் தன் வீட்டுப் போர்ச்சில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தார். தகடு சுட்டுக்கொண்டிருந்ததால் தடவியது துடைப்பதற்குள் இறுகிவிட்டது. பானெட் முழுக்க எண்ணெய் சிந்திய குட்டை மாதிரி வானவில் திட்டு. பாலிஷ் கடையில் 400 கொடுத்துச் சுரண்டி எடுத்தார். சூடு தணிந்த தகடு, நிழல், ஒரு நேரத்தில் இரண்டு சாண் இடம். இந்த மூன்றும் முடியாதவர்கள் பாட்டிலைத் தொட வேண்டாம்.

இனி எந்தக் கடைக்காரரும் சொல்லாத, நம்மவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் ஒன்று. கோட்டிங் போட்டபின் முதல் ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு கூடாது. புதுக் கார் எடுத்தால் நாம் முதலில் போவது எங்கே? கோயிலுக்கு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே மாலை, தீர்த்தம். சந்தனம் வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகும். குங்குமம் இன்னும் கெட்டியாகாத படலத்தில் சாயம் இறக்கக்கூடும். சாமி பிரசாதத்தை உடனே துடைக்கவும் மனசு வராது. சகலை இதில் மாட்டினார். வெள்ளிக்கிழமை கோட்டிங், ஞாயிறு பூஜை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பானெட் நடுவில் ஆரஞ்சு வட்டம், இன்றும் சாய்ந்து பார்த்தால் தெரிகிறது. போடுவதாக இருந்தால் முதலில் பூஜை, இரண்டு நாள் கழித்துச் சந்தனத்தை நிறையத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவல், அதற்கப்புறம் கோட்டிங். உலர்ந்த சந்தனத்தைத் துணியால் சுரண்டாதீர்கள், அது உப்புத்தாள்.

இவ்வளவும் பார்த்தபின் விற்பனைத் தம்பிக்கு வேண்டாம் என்று சொன்னேன். சகலைக்கு மட்டும் அடுத்த முறையும் கோட்டிங்கே போடச் சொல்வேன். அடித்தளப் பார்க்கிங், கறுப்பு நிறம், இரண்டு வாளி வைத்துத் தன் கையால் கழுவும் பழக்கம் மூன்றும் அவரிடம் இருக்கின்றன. நான் சாலையோரக் கார் வாஷில் 15 வெள்ளிக்கு நுரையடித்துக் கழுவும் ஸ்னோ வாஷ் விடுகிறவன். அங்கே சக்கரம் துடைத்த துணி கதவுக்கும் வரும். அந்தக் கைக்கு 2,000 வெள்ளிப் படலத்தைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

லேசான பாலிஷ் போட்டுச் சீலன்ட் தடவினேன். கதவுக் கைப்பிடிக் குழிக்குள் நகக்கீறல் விழும் நாலு இடத்துக்கு மட்டும் ஃபிலிம் ஒட்டினேன், 60 வெள்ளி. காகத்துக்காக காரில் ஒரு தண்ணீர் ஸ்பிரேயும் துணியும் கிடக்கின்றன. மிச்சப் பணத்தை எதில் போடலாம் என்று மனைவி கேட்டாள். பிளாட்டின் பின்பக்கம் படிக்கட்டுக்குக் கீழே கூரை போட்ட இரண்டு பார்க்கிங் இருக்கிறது, வாடகை கிடையாது, முந்தி வருகிறவருக்குத்தான் இடம். இப்போது அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறேன். பாதி நாள் கிடைத்துவிடுகிறது.