பல வருடம் கழித்து மறுபடி பைக்: பெங்களூரில் வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் ஓட்டிய அனுபவம்

பல வருடம் பைக்கைத் தொடாமல் இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டி மறுபடி ஓட்ட வருகிறவர்களில் நிறையப் பேர் கரடுமுரடான ரோட்டுக்கும் ஏற்ற அட்வெஞ்சர் பைக் தேடுகிறார்கள். காரணம் புரிகிறது. நிமிர்ந்து உட்காரலாம், முதுகு தாங்கும், பெங்களூர் ரோட்டுப் பள்ளங்களுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். ஆனால் விசாரிக்கப் போனால் எல்லாரும் பேசுவது குதிரைத்திறன், டாப் ஸ்பீடு, லடாக். நான் சுசூகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓட்டிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று: திரும்பி வருகிறவர், வண்டி நிற்கும்போது தன் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முன்பு என்னிடம் இருந்தது யமஹா ஆர்எக்ஸ் 100. நூறு கிலோ சொச்சம்தான் எடை. சாய்ந்தாலும் ஒரு காலால் தாங்கிவிடலாம். அதை விற்றபின் கார்தான். அந்த இடைவெளியில் பைக்குகள் நிறைய மாறிவிட்டன. 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. சோக் இழுக்கிற வேலை இல்லை, குளிர்காலக் காலையிலும் பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் எடையும் உயரமும் கூடிவிட்டன. கிளட்சும் கியரும் கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். சாயும் வண்டியைத் தாங்கும் பலம் அப்படித் தானாகத் திரும்பாது.

2024 தொடக்கத்தில் நான்கு வண்டிகளைப் பார்த்தேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 அப்போதுதான் வந்திருந்தது: 452 சிசி, 40 பிஎஸ் (குதிரைத்திறன்), 196 கிலோ, சீட் உயரம் 825 மி.மீ. கேடிஎம் 390 அட்வெஞ்சரில் அப்போது சீட் உயரம் 855 மி.மீ.; ஐந்தடி ஆறு அங்குலமான எனக்கு நுனிக்கால்தான் எட்டியது, அதை அங்கேயே விட்டுவிட்டேன். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி எடை குறைந்தது, மண் ரோட்டுக்கு அந்த விலையில் அதைவிட நல்ல வண்டி இல்லை என்றே இன்றும் சொல்வேன். மனைவியையும் பையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக எனக்கு அது பத்தாது. கடைசியில் மிஞ்சியது ஹிமாலயனும், 249 சிசி, 26.5 பிஎஸ், 167 கிலோ வி-ஸ்ட்ரோமும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வி-ஸ்ட்ரோமின் சீட் உயரம் 835 மி.மீ., ஹிமாலயனைவிட 10 மி.மீ. அதிகம். காகிதத்தில் பார்த்தால் ஹிமாலயன்தான் எனக்கு ஏற்ற வண்டி. உட்கார்ந்து பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கால் ஊன்றியது. சீட்டின் முன்பக்கம் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது, நாம் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது. வித்தியாசம் தெரிந்தது எடையில். 29 கிலோ என்றால் ஒரு சிப்பம் அரிசியைவிடக் கூடுதல். அதில் ஒரு பகுதி பெட்ரோல் டேங்க் இருக்கிற உயரத்தில் கனக்கிறது.

அல்சூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், தர்மபுரிக்காரர். எதை எடுக்கலாம் என்று அவரிடம் கேட்டேன். "சார், நம்பரெல்லாம் விடுங்க. உங்க பேஸ்மென்ட் சரிவுல நிறுத்தி, மேல உக்காந்தபடி ரிவர்ஸ்ல தள்ளிப் பாருங்க. அதுல மூச்சு வாங்குச்சுன்னா வேணாம்" என்றார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் இதுதான் மிகச் சிறந்தது. நண்பர் ஒருவரின் ஹிமாலயனை எங்கள் அபார்ட்மென்ட்டுக்கே கொண்டுவந்து தள்ளிப் பார்த்தேன். முடிந்தது, ஆனால் தினமும் செய்ய விரும்பும் வேலையாக இல்லை. டெஸ்ட் ரைடு என்று ஷோரூம் வாசலில் இருந்து நேராகப் போய் நேராக வருவதில் இது எதுவும் தெரியாது. ஹேண்டிலை முழுக்க ஒடித்து யூ-டர்ன் போடுங்கள், ரோடு ஒரு பக்கம் சரிந்திருக்கும் இடத்தில் நிறுத்தி இறங்கி ஏறுங்கள். பின்னால் யார் உட்காரப் போகிறார்களோ அவர்களையும் அழைத்துப் போங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருவதால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் எனக்குத் தினப்படி. முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து போகிற அந்தத் தூரத்தில்தான் இந்த வண்டியின் அருமை தெரிகிறது. கிளட்ச் மென்மை, ஆயில் கூலிங் என்றாலும் கால் பக்கம் சூடு அடிப்பதில்லை. பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நடுவில் காலை ஊன்றி நிற்கும்போது மனதில் பதற்றம் இல்லை. மழையில் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாத நாட்களில் 19 அங்குல முன்சக்கரம் காப்பாற்றுகிறது. மைலேஜ் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் பக்கம் வருகிறது. டேங்க் 12 லிட்டர் என்பதால் நீண்ட பயணத்தில் பங்க்கைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஆட்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் பிரேக். டிரம் பிரேக் காலத்தில் பின் பிரேக்கை மிதித்தே வளர்ந்தோம், முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தோம். ஏபிஎஸ் வண்டியில் முன் லீவரை ஒரே சீராக அழுத்திக்கொண்டே போக வேண்டும். விட்டுப் பிடிக்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஞாயிறு காலையில் காலியான இடமாகப் பார்த்து இதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகினேன். கூடவே எட்டு போடுவது, பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு நடை வேகத்தில் ஓட்டுவது, புட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்டுவது. பல வருடம் கழித்து வருகிறவர்கள் தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். உயிர் விஷயம்.

ஊர்ப்பக்கம் போக எனக்குப் பிடித்த வழி ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, அங்கிருந்து ஒகேனக்கல். நெடுஞ்சாலையில் கிடைக்காத சந்தோஷம் அதில் இருக்கிறது. தளியைச் சுற்றி ராகி வயல்கள், தேன்கனிக்கோட்டை தாண்டினால் காடு, இறக்கம், வளைவுகள். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கி வரும். அதனால் பொழுது சாயும் முன் காட்டைத் தாண்டிவிடுவேன். இந்த வழியில் ஒருமுறை ஆணி ஏறியது. டியூப்லெஸ் என்பதால் பஞ்சர் கிட்டை வைத்து அங்கேயே அடைத்துவிட்டேன். டியூப் வண்டியாக இருந்திருந்தால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சரளை இறக்கத்தில் மட்டும் கவனம் தேவை: இதில் ஏபிஎஸ்ஸை அணைக்க முடியாது, உருளும் கல்லின் மேல் வண்டி நிற்க எடுக்கும் தூரத்தை ஏபிஎஸ் கூட்டும். ஹிமாலயனில் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கலாம், முன்பக்கம் 21 அங்குல ஸ்போக் சக்கரம் வேறு. நிஜமான கரடு முரடுக்கு அதுதான் பொருத்தம்.

அப்புறம் தொப்பூர் கணவாய். சேலத்தில் இருந்து தர்மபுரி நோக்கி ஏறும்போது, இருவரும் சுமையும் இருந்தால், லாரியைத் தாண்ட ஒரு கியர் குறைத்து இன்ஜின் சுற்றை ஏற்ற வேண்டியிருக்கிறது. 450 சிசி வண்டி அதைக் கியர் மாற்றாமலே செய்யும். எனக்கு அது குறையாகப் படவில்லை, ஆனால் மாதாமாதம் ஊருக்கு நெடுஞ்சாலையில் போகிறவர் யோசிக்க வேண்டிய விஷயம். மைசூர் பக்கம் இந்தக் கணக்கே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் எக்ஸ்பிரஸ்வேயின் மையப் பாதையில் டூ வீலருக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான்.

பராமரிப்பில் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. வெளி ஒர்க்‌ஷாப் ஒன்றில் செயினை விறைப்பாக இறுக்கிக் கொடுத்தார்கள், பின்னால் ஒரு முனகல் கேட்டது. அதிலிருந்து செயின் தொய்வை நானே அளந்து பார்க்கிறேன், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுகிறேன்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு விலைக் கணக்கு மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு செஸ்ஸோடு 31 ஆக இருந்தது 40 ஆனது. கர்நாடகாவில் சாலை வரியும் சேரும்போது இடைவெளி இன்னும் விரியும். அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், முட்டிக்குக் கார்டு, காற்று புகும் ஜாக்கெட் எல்லாம் வாங்கலாம், வாங்குங்கள்.

புக்கிங் பணம் கட்டும் முன் லைசன்ஸை எடுத்துப் பாருங்கள். கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அதில் கியர் உள்ள பைக்குக்கான எம்சிடபிள்யூஜி என்ற பிரிவு இன்னும் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். நாற்பது தாண்டியவர்கள் புதுப்பிக்க 1ஏ படிவத்தில் டாக்டர் சான்றிதழ் வேண்டும். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஆர்டிஓவில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.