கோ பங்கானில் தீ நடனம் கற்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

தாய்லாந்தின் கோ பங்கான் தீவில், ஹாட் ரின் கடற்கரைப் பக்கம் "மூன்று நாளில் தீ நடனம்" என்று பலகை வைத்திருந்த ஒரு வகுப்பில் முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் பயிற்சி, கெவ்லார் எனும் தீ தாங்கும் இழையில் திரி போட்ட புது ஜோடி பொயி (சங்கிலியில் கட்டிச் சுழற்றும் தீப்பந்து), கடைசி நாள் தீயோடு ஒரு ஆட்டம் என்பதுதான் பேச்சு. நடந்ததோ, முதல் நாள் சாயங்காலமே திரியைப் பற்றவைத்துக் கையில் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சொல்லிக்கொடுப்பவர் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "தீயோடு ஆடிவிட்டீர்களே, வகுப்பு முடிந்துவிட்டது" என்றார்கள். கொடுத்த பொயியில் இருந்தது கெவ்லாரும் இல்லை, பழைய பருத்தித் துணி. இந்த ஏமாற்று ஒரு இடத்தோடு நிற்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

பொயி என்பது நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்களிடமிருந்து வந்தது. கயிற்றின் நுனியில் பந்தைக் கட்டிச் சுழற்றும் ஆட்டம். தீப் பொயியில் கயிற்றுக்குப் பதில் சங்கிலி, பந்துக்குப் பதில் திரி. ஒழுங்காகக் கற்றுத் தருபவர் முதலில் தீயைப் பற்றிப் பேசவே மாட்டார். நீளமான காலுறைக்குள் ஒரு கைப்பிடி பயறோ டென்னிஸ் பந்தோ போட்டுக் கட்டிக் கொடுத்துச் சுற்றச் சொல்வார். நீளம், கையை நீட்டினால் விரல் நுனியிலிருந்து அக்குள் வரை. முதலில் இரண்டு கையும் சேர்ந்து, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று, பிறகு வலமும் இடமும் மாறி மாறி வரும் பின்னல், பிறகு உடம்பைத் திருப்புவது. பட்டாம்பூச்சி எனும் எதிரெதிர்ச் சுற்றைக் கடைசியில்தான் தொடுவார், ஏனென்றால் சங்கிலி அதிகம் சிக்குவது அங்கேதான். காலுறைப் பந்து முகத்தில் பட்டால் லேசாக வலிக்கும். எரியும் திரி சிக்கிக் கழுத்தைச் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் நாளே பற்றவைக்கிறோம் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

திரியைச் சோதிப்பது சுலபம். ஒரே ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டுங்கள். கெவ்லார் உருகாது, நுனி கருகும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும். பருத்தி தொடர்ந்து எரிந்து சாம்பலாகும். நைலானோ பாலியஸ்டரோ உருகிக் குண்டுமணியாய்த் திரளும், அதுதான் தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்த வகுப்பு கொடுத்த திரியை அவிழ்த்தபோது நடுவில் மெல்லிய கம்பிதான் கட்டியிருந்தது. துணி எரிந்து தளர்ந்ததும் மொத்தமும் கழன்று பார்ப்பவர் மேல் பறக்கும். போல்ட், வாஷர், நட்டு போட்டு இறுக்கியிருக்க வேண்டும். சங்கிலிக்கும் கைப்பிடிக்கும் நடுவே சுழலி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சங்கிலி முறுக்கேறும், சுற்று தடுமாறும். சாவி வளையம் மாட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம், இழுவையில் வாய் திறந்துகொள்ளும்.

எரிபொருளில்தான் பெரிய துரோகம். தாய்லாந்தில் சாலையோரக் கடைகளில் பாட்டிலில் பெட்ரோல் கிடைக்கும். மண்ணெண்ணெயைத் தேடிப் போகச் சோம்பல்பட்டும், சட்டென்று பற்றிப் பெரிய சுவாலை வர வேண்டும் என்றும் பெட்ரோலைக் கலந்துவிடுகிறார்கள். தீப்பொறி பட்டால் மண்ணெண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 38 டிகிரி செல்சியசுக்கு மேல். பெட்ரோலுக்கோ சுழியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. அதாவது அதன் ஆவி எந்நேரமும் தயாராக இருக்கிறது. காற்றைவிடக் கனமானதால் மணலோடு தவழ்ந்து, தள்ளி வைத்த டின் வரைக்கும் தீயைக் கொண்டுபோகும். டின்னை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் பங்க் வாடை வந்தால் தொடாதீர்கள்.

நனைத்த திரியை உடனே பற்றவைக்கக் கூடாது. குமிழி நிற்கும்வரை ஊறவைத்து, மூடியுள்ள உலோக டப்பாவுக்குள் வைத்துச் சுழற்றி மிச்ச எண்ணெயை உதற வேண்டும். இதைத் தவிர்த்தால் முதல் சுற்றிலேயே எரியும் சொட்டுகள் உங்கள் கையிலும் எதிரே நிற்பவர் மேலும் தெறிக்கும். அந்த வகுப்பில் இதைச் செய்யவே இல்லை. இதைவிட மோசம், அப்போதுதான் அணைந்த சூடான திரியைத் திரும்பவும் டின்னில் முக்கியது. டின்னே தீப்பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாம் சுற்று ஆட வேண்டுமானால் திரி முழுக்க ஆற வேண்டும், அல்லது வேறு ஜோடி வேண்டும். சுவாலை சிறுத்ததும் அணைத்துவிட வேண்டும். எண்ணெய் தீர்ந்தபின் எரிவது திரியேதான்.

அணைக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். நனைத்துப் பிழிந்த கனமான பருத்தித் துண்டோடு, கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். மொபைலில் படம் எடுப்பவர் அந்த ஆள் ஆக முடியாது. "துண்டு யார் பிடிப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பின் தரம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

உடை விஷயத்தில் கொஞ்சம். அங்கே எல்லாரும் வாங்கும், யானைப் படம் போட்ட தொளதொள கால்சட்டை பெரும்பாலும் ரேயான், சரசரவென்று பிடிக்கும். உடம்போடு ஒட்டிய கனமான பருத்தி அல்லது ஜீன்ஸ் போடுங்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டி நனைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் கலந்த கொசு ஸ்பிரே அடித்துக்கொண்டு போகாதீர்கள். குடித்திருந்தால் வேண்டவே வேண்டாம்.

வாயால் தீ ஊதுவதை "இலவச இணைப்பு" என்று சொல்லித் தருவார்கள். எண்ணெய் துளி நுரையீரலுக்குள் போனால் கடும் அழற்சி வரும், ஆஸ்பத்திரியில் படுக்க நேரும். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். பற்பசையும் ஐஸும் கூடாது. அவசர மருத்துவ உதவிக்கு 1669. பெரிய காயமானால் தீவிலிருந்து படகில்தான் போக வேண்டியிருக்கும், அந்தச் செலவு சின்னதல்ல. உங்கள் பயணக் காப்பீடு இதற்குக் கொடுக்குமா என்று கிளம்புமுன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குடித்திருந்ததாகத் தெரிந்தால் கையை விரிக்க வாய்ப்பு அதிகம்.

பணத்தை நாளுக்கு நாள் கொடுங்கள், மொத்தமாக வேண்டாம். எத்தனை நாள், என்ன பொருள், எந்த எரிபொருள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பலகையையும் கொடுத்த பொயியையும் படம் எடுத்து வையுங்கள். ஏமாற்றினால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். சீட்டு கையில் இல்லாமல் புகார் கொடுக்கப் போனால், வாய்ப்பேச்சுக்கு எதிராக வாய்ப்பேச்சாகத்தான் நிற்கும்.