ஃபைஃபாக்ஸ் செயலி: ஸ்பிரிங்கின் விறைப்பை அளக்கக் கைபேசி போதுமா?

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ், கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானியையே (அசைவை உணரும் உணரி) அதிர்வு அளக்கும் கருவியாக்குகிறது. அதிர்வு எவ்வளவு வேகமானது என்று தெரிந்தால் விறைப்பை, அதாவது ஒரு பொருள் வளையவோ அமுங்கவோ எவ்வளவு எதிர்க்கிறது என்பதை, கணக்கிட்டுவிடலாம். ஸ்பிரிங் மேல் நிற்கும் தட்டு, ரப்பர் மவுண்ட், மெலிந்த பீம் என 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆடுபவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேலே எச்சரிக்கை வேண்டும். பல கைபேசிகளில் முடுக்கமானி வினாடிக்கு 100 முதல் 500 தடவைதான் அளவெடுக்கும். 100 தடவை எடுக்கும் கைபேசியில் 60 ஹெர்ட்ஸ் அதிர்வு 40 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும். அது போலி என்று காட்டிக்கொடுக்க வரைபடத்தில் எதுவும் இருக்காது. முதல் பதிவை சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக எடுத்து, உங்கள் கைபேசி உண்மையில் வினாடிக்கு எத்தனை தடவை அளவெடுக்கிறது என்பதை நேர நிரலிலிருந்து கணக்கிட்டுவிடுங்கள்.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடம், எந்த அதிர்வெண் என்று அடையாளம் காண மட்டுமே. 5 வினாடிப் பதிவில் அதன் புள்ளிகள் 0.2 ஹெர்ட்ஸ் இடைவெளியில் விழும். விறைப்புக் கணக்குக்கு அது போதவே போதாது. உதாரணமாக, தட்டிவிட்டதும் 5.0 ஹெர்ட்ஸில் ஆடும் அமைப்பு, அரை கிலோ ஏற்றியதும் 4.0 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது என்று கொள்வோம். ஏற்றிய நிறையை 16ஆல் (4இன் வர்க்கம்) பெருக்கி, 25க்கும் (5இன் வர்க்கம்) 16க்கும் உள்ள வித்தியாசமான 9ஆல் வகுத்தால், ஆடும் நிறை 0.89 கிலோ, அதிலிருந்து விறைப்பு மீட்டருக்குச் சுமார் 877 நியூட்டன். இரண்டாவது அளவை 4.1 என்று படித்துவிட்டாலோ நிறை 1.03 கிலோவாகவும் விறைப்பு ஆயிரத்துக்கு மேலும் போய்விடும்! மூலப் பதிவில் 20 அலைகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, 20ஐ அந்த நேரத்தால் வகுப்பதே சரியான வழி. அதே பதிவில் வீச்சு 10 அலைகளில் பாதியானால், ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று சொல்லும் தணிப்பு விகிதம் 0.011 என்பதும் கூடவே கிடைக்கும்.

கிடைக்கும் நிறையில் கைபேசியின் எடையும் அடக்கம், கழிக்க மறக்காதீர்கள். ரப்பர் உறையைக் கழற்றுங்கள், அதுவே இன்னொரு ஸ்பிரிங். இருபக்க டேப்பால் இறுக ஒட்டுங்கள். திரையைத் தொட்டால் அமைப்பு ஆடும் என்பதால், ஒரே வைஃபையில் உள்ள கணினியின் பிரவுசரிலிருந்து பதிவைத் தொடங்கும் வசதி அருமையானது.

மோட்டார்சைக்கிள் எஞ்சினில் மட்டும் கைபேசியை ஒட்ட வேண்டாம். அந்த அதிர்வு கேமராவின் நடுக்கம் தணிக்கும் பாகத்தைக் கெடுத்துவிடக்கூடும்.